எண்ணெய் கேட்காத சைக்கிள்

புரட்டாசி 4

சி ஷிஃப்ட் முடிந்து வந்தேன். விடிந்து அரை மணி ஆகியிருக்கும். சைக்கிளை வேப்பமரத்தடியில் ஸ்டாண்டு போட்டுவிட்டு, தூங்கப் போகாமல் அதன் பக்கத்திலேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன். செயின் கறுப்பாக இல்லை. சாம்பல் பூத்திருந்தது. போன ஞாயிறுதான் டீசலில் கழுவி எண்ணெய் விட்டேன். அதற்குள் இப்படி.

ஒரகடம் ரோட்டில் ராத்திரி முழுக்க எம்-சாண்டும் ஜல்லியும் போகின்றன. தார்ப்பாய் கட்டின லாரியிலிருந்தும் மேடு பள்ளத்தில் ஏறி இறங்கும்போது ஒரு கைப்பிடி உதிரும். பின்னால் வருகிற கன்டெய்னர் அதை அரைத்துக் காற்றில் ஏற்றிவிடும். மூக்கிலும் செயினிலும் படிவது அதுதான். பனியன் வேஸ்ட்டால் ஒரு கண்ணியைத் துடைத்து, துணியில் வந்ததை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்துத் தேய்த்துப் பார்த்தேன். நறநறவென்றது.

கம்பெனியில் வால்வை அதன் சீட்டில் படியவைக்க ஒரு பசை வைத்திருக்கிறோம். லேப்பிங் பேஸ்ட். கிரீஸில் கலந்த பொடிக்கல். இரும்பைத் தேய்த்துக் கரைப்பதற்கென்றே செய்தது. என் விரலில் இருந்ததும் அதுதான். இருபத்தாறு வருஷமாக மெயின்டனன்ஸில் இருக்கிறேன். வாரம் தவறாமல் எண்ணெய் விட்டு, வாரம் தவறாமல் அந்தப் பசையை நானே செயினுக்குள் சேர்த்துக்கொண்டிருந்தது இன்றைக்குத்தான் விரலில் தெரிந்தது.

ஸ்கேலை வைத்து அளந்தேன். பின்னுக்குப் பின் அளந்தால் பன்னிரண்டு அங்குலத்துக்குள் இருபத்து நான்கு கண்ணி அடங்க வேண்டும். அரைக்கால் அங்குலம் கூடியிருந்தது. செயின் நீண்டுவிட்டது என்று சொல்கிறோம். தகடு ஒன்றும் நீளவில்லை. ஒவ்வொரு பின்னும் அதன் புஷ்ஷும் ஒன்றிரண்டு மயிரிழை தேய்ந்திருக்கிறது. இருபத்து நான்கு இடத்துத் தேய்மானம் சேர்ந்து அரைக்கால் அங்குலம். இனி பல்சக்கரத்தையும் தின்ன ஆரம்பிக்கும்.

புரட்டாசி 9

எங்கள் லைனில் புது மெஷின் நிறுத்த வந்த ஜப்பான்காரர் ஒருவர் கார்த்திகையில் ஊர் திரும்புகிறார். வந்து இரண்டு வருஷம் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் ஏரிக்கரை வரை போய்வர ஒரு சைக்கிள் வைத்திருக்கிறார். டீ நேரத்தில் என்னைத் தேடி வந்து, நீங்கள்தான் தினமும் சைக்கிளில் வருகிறவர், வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். இருபதாயிரம் சொன்னார். புதிதின் விலையில் மூன்றில் ஒரு பங்குகூட இருக்காது. அவர் போகிற வரை ஓட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னால் போதுமாம்.

செயின் இருக்க வேண்டிய இடத்தில் பெல்ட்.

வீட்டுக்குக் கொண்டுவந்து டார்ச் அடித்துப் பார்த்தேன். உள்பக்கம் பல் வெட்டிய கறுப்புப் பட்டை. அகலம் என் சுண்டுவிரல் அளவு. ரப்பர்போல் குழையவில்லை, பாலியூரிதேன், கெட்டியாக இருக்கிறது. அதற்குள் நீளவாக்கில் கார்பன் நார் ஓடுகிறது. பற்களின் நடுவே ஒரு பள்ளம். பல்சக்கரத்தின் நடுவில் எழும்பி நிற்கும் விளிம்பு அந்தப் பள்ளத்தில் உட்கார்ந்துகொள்வதால் பெல்ட் பக்கவாட்டில் நழுவாது. முன்னே ஐம்பது பல், பின்னே இருபத்திரண்டு. எண்ணிவிட்டேன். பின்சக்கர ஹப்புக்குள்ளேயே மூன்று கியர் இருக்கிறது. வெளியே தொங்குகிற கியர் எதுவும் இல்லை. பெல்ட்டுக்கு அது ஒத்துவராது, எப்போதும் ஒரே நேர்கோட்டில் ஓட வேண்டும்.

பின் ஃபோர்க்கின் வலதுபக்கக் குழாய் ஓரிடத்தில் வெட்டுப்பட்டு, இரண்டு போல்ட்டால் சேர்ந்திருந்தது. எப்போதோ ஒடிந்து ஒட்டுப்போட்ட வண்டி என்று முதலில் வயிறு கலங்கியது. பிறகு புரிந்தது. செயினுக்கு லாக் இருக்கிறது. கழற்றி, ஃபோர்க்கைச் சுற்றி, மறுபடி மாட்டிவிடலாம். பெல்ட்டுக்குத் தொடக்கமும் கிடையாது, முடிவும் கிடையாது. வார்த்தபோதே வளையம். அது உள்ளே வர வேண்டுமானால் சைக்கிள்தான் தன்னைத் திறந்து வழிவிட வேண்டும்.

ரொம்ப நேரம் அந்த வெட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

புரட்டாசி 13, ஞாயிறு

நாலரைக்கு எழுந்து வல்லக்கோட்டை முருகன் கோயில் வரை போய்வந்தேன்.

முதல் அரை மைல் ஏதோ குறைகிறது என்று மட்டும் தெரிந்தது. என்னவென்று பிடிபடவில்லை. சத்தம். என் வண்டிக்கு ஒரு சத்தம் இருந்திருக்கிறது, பெடல் ஒரு சுற்று வரும்போது ஒரு சின்னக் கரகரப்பு, மேட்டில் கொஞ்சம் அதிகமாக. இத்தனை வருஷமாக அதைக் கேட்டுக்கொண்டே வந்திருக்கிறேன், கேட்கிறேன் என்று தெரியாமல். இன்றைக்கு அது இல்லை. அந்த இடத்தில் மற்றதெல்லாம் வந்து நின்றன. ஏரிப்பக்கம் நீர்க்கோழி. எங்கோ ஒரு கம்பெனி கம்ப்ரஸர் லோடு எடுத்து விடுகிற பெருமூச்சு. என் மூச்சு.

பின்னால் வருகிற வண்டியையும் முன்னதாகவே கேட்க முடிந்தது. டயர் சத்தத்தை வைத்தே இது டிரெய்லர், இது கம்பெனி பஸ் என்று பிரிக்க முடிந்தது. இந்த ரோட்டில் அது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். சைக்கிளுக்கென்று ஒரு முழ அகலம் ஒதுக்காமல் ஆறு வழியாக்கிய சாலை. ஓரத்தில் கன்டெய்னர்கள் வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றையும் சுற்றிக்கொண்டு நடுரோட்டுக்கு ஏற வேண்டும். கார் ஏற்றுமதிக்கு இத்தனை கணக்குப் போட்டவர்கள், அந்தக் காரைச் செய்யப் போகிறவன் எப்படிப் போவான் என்று ஒரு கோடு போட்டிருக்கலாம்.

எதிர்காற்றில் ஒன்று கவனித்தேன். பெல்ட்டை முறுக்கமாகவே வைக்க வேண்டும், அந்த முறுக்கத்துக்குக் காலில் ஒரு துளி கூடுதல் பாரம் தெரிகிறது. எண்ணெய் விட்ட அன்றைக்குச் செயின் இதைவிட இலகுவாக ஓடும். ஆனால் அது அந்த ஒரு நாள்.

புரட்டாசி 15

பெல்ட் நமக்குப் புதிது என்று நினைத்தால் தப்பு. மதுரை ஃபென்னர் பெல்ட் பெயர் கேட்காத ரைஸ் மில் உண்டா? தெருவில் ஓடுகிற கியர் இல்லாத பெட்ரோல் ஸ்கூட்டர்களில் மூடிக்குள் ஒரு பெல்ட் சுற்றுகிறது. ஓசூரில் செய்கிற ஏத்தர் மின்சார ஸ்கூட்டரின் பின்சக்கரத்தைச் சுற்றுவதும் பல்வைத்த பெல்ட்தான். பல்வைத்த பெல்ட்டே தையல் மெஷினுக்காகப் பிறந்தது. 1940-களில் சிங்கர் மெஷினில் மேலே ஊசியும் கீழே பாபினும் ஒரு இழை பிசகாமல் சேர்ந்து ஓட வேண்டும் என்பதற்காக ரிச்சர்ட் கேஸ் என்ற அமெரிக்க இன்ஜினீயர் செய்தது. சைக்கிளுக்கு வந்தது வெகு காலம் கழித்து. ஜப்பானில் 1980-களிலேயே பிரிட்ஜ்ஸ்டோன் பெல்ட் சைக்கிள் விற்றது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஓட்டுகிறார்கள் என்று எங்கள் ஜப்பான்காரரும் சொன்னார். இங்கிலாந்தில் 1987-ல் வந்த ஸ்டிரைடா என்ற மடக்கு சைக்கிளிலும் பெல்ட்தான்.

இன்று எனக்கு நினைவுக்கு வந்தது வேறு. 1998-ல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து சான்ட்ரோ வெளியே வந்தது. நான் அப்போது அப்ரென்டிஸ் முடித்த புதிது. அந்த என்ஜினில் டைமிங் பெல்ட். கிலோமீட்டர் பார்த்து மாற்ற வேண்டும், மறந்தால் ஒருநாள் அறுந்து வால்வு போய் பிஸ்டனில் இடிக்கும். பத்து வருஷம் கழித்து, 2008-ல், அதே இடத்தில் ஐ10-க்குக் கப்பா என்ஜின் வந்தபோது பெல்ட்டை எடுத்துவிட்டுச் செயின் போட்டார்கள். காரணம், பராமரிப்பு வேண்டாம்.

காரில் பராமரிப்பைக் குறைக்கப் பெல்ட் போய்ச் செயின் வந்தது. சைக்கிளில் பராமரிப்பைக் குறைக்கச் செயின் போய்ப் பெல்ட் வருகிறது. இதை ராத்திரி முழுக்க, கன்வேயர் நிற்காமல் ஓடிய ஒரு நல்ல ஷிஃப்டில், யோசித்துக்கொண்டிருந்தேன்.

என்ஜினுக்குள் செயின் எண்ணெயில் குளித்தபடி இருக்கிறது. சுற்றிலும் அலுமினியச் சுவர். தூசி எட்டிப் பார்க்காது. அந்த வீட்டில் பெல்ட் வைத்தால் சூட்டில் காய்ந்து வயசாகிவிடும். சைக்கிளில் செயினுக்கு வீடே கிடையாது. சாலையில் நிற்கிறது. சாலையில் நிற்கிறவனுக்கு எண்ணெய் பூசிவிட்டால் ஊர்த்தூசி முழுக்க அவன்மேல்தான் ஒட்டும். பெல்ட்டுக்கு எண்ணெயே வேண்டாம் என்பதால் தூசி வந்து விழுந்து, விழுந்த வாக்கில் உதிர்ந்தும் போகிறது. முழுக்க இல்லை, கல்பொடி அதையும் பல்சக்கரத்தையும் மெதுவாகத் தேய்க்கத்தான் செய்யும். ஆனால் பசை இல்லை.

ஆக, செயினைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. 1880-ல் மான்செஸ்டரில் ஹான்ஸ் ரெனால்டு அமைத்தது, பின், புஷ், ரோலர். இன்றுவரை மேலே சேர்க்க ஒன்றும் இல்லாத வேலை. அம்பத்தூரில் 1960-லிருந்து டயமண்ட் செயின் செய்கிறார்கள். கோயம்புத்தூரில் ரோலான். வெளிநாடுகளுக்கும் செயின் அனுப்புகிற நாடு இது. நாம் அதைக் குடிவைத்த இடம்தான் சரியில்லை.

புரட்டாசி 16

அப்பாவின் ஹெர்குலிஸில் செயினுக்கு வீடு இருந்தது. நேற்று எழுதும்போது ஏன் இது தோன்றவில்லை?

அம்பத்தூர் டி.ஐ. சைக்கிள்ஸ், 1949-ல் தொடங்கிய கம்பெனி, அங்கிருந்து வந்த வண்டி. முன் பல்சக்கரத்திலிருந்து பின் ஃப்ரீவீல் வரை முழுசாக மூடிய தகரப் பெட்டி. பச்சைப் பெயின்ட், ஓரத்தில் தங்கநிறக் கோடு. அப்பா சுங்குவார்சத்திரத்துக்கு நெல் மூட்டை வைத்து மிதிப்பார். வேட்டி ஒருநாள் கறுத்து நான் பார்த்ததில்லை. பெட்டியை வருஷத்துக்கு ஒரு தடவைதான் திறப்பார். உள்ளே செயின் ஈரமாக, கறுத்து மின்னிக்கொண்டு இருக்கும். எண்ணெய் விட்டு மூடுவார். பிறகு ஒரு வருஷம் அதன் பேச்சே கிடையாது.

அந்தச் செயினும் இந்தச் செயினும் ஒன்றுதான். ஸ்டைலுக்காகவும் எடைக்காகவும் பெட்டியை அரையாக்கினார்கள், பிறகு பட்டையாக்கினார்கள், பிறகு எடுத்தேவிட்டார்கள். மகளுக்குப் பதினொன்றாம் வகுப்பில் அரசாங்கம் கொடுத்த சைக்கிளில் மேல்பக்கம் மட்டும் ஒரு மூடி. 2001-ல் ஆதிதிராவிட, பழங்குடிப் பெண்பிள்ளைகளுக்கு என்று ஆரம்பித்து, 2005-ல் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஆன திட்டம். அது இல்லாவிட்டால் அவள் ஐந்து கிலோமீட்டர் நடந்திருப்பாள். ஆனால் இரண்டு வருஷமும் அவள் சுடிதாரின் வலதுகால் ஓரத்தில் கறுப்புக் கறை போகவே இல்லை. ஒருதடவை துப்பட்டா சிக்கி விழுந்தாள். முழங்கைத் தழும்பு இன்னும் இருக்கிறது.

பராமரிப்பு குறைந்த சைக்கிள் ஒன்று நம்மிடம் இருந்தது. தூக்கிப் போட்டுவிட்டோம். நிஜமாகவே வருத்தமாக இருக்கிறது.

இப்போது அப்படி ஒரு பெட்டி போட்ட வண்டி வாங்கிவிட்டால் என்ன? பெல்ட்டுக்குச் சரியான போட்டி அதுதான். நாளைக்கு பாயின் சைக்கிள் கடையில் கேட்க வேண்டும்.

புரட்டாசி 20

பி ஷிஃப்ட் முடிந்து வருகிறேன், பத்தரை மணி. சர்வீஸ் ரோட்டில் ஒரு பையன் சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்துக்கொண்டு செல்போன் வெளிச்சத்தில் தடவிக்கொண்டிருந்தான். ஒடிசாக்காரன், காஸ்டிங் கம்பெனியில் கான்ட்ராக்ட். செயின் கழன்று ஃப்ரீவீலுக்கும் ஃபோர்க்குக்கும் நடுவில் இறுகிக் கிடந்தது. துருப்பிடித்த செயின், எண்ணெயே கண்டதில்லை. கீழே கிடந்த குச்சியால் நெம்பி எடுத்து, மேல் பல்லில் நாலு கண்ணி ஏற்றி, பெடலைப் பின்னால் சுற்றினேன். ஏறிக்கொண்டது. இரண்டு நிமிஷம். அவன் கையும் என் கையும் கரி. அவன் ரோட்டோரப் புல்லில் துடைத்துக்கொண்டு, "தேங்க்ஸ் அண்ணா" என்று கிளம்பினான்.

என் காலடியில் நின்ற பெல்ட் வண்டியைப் பார்த்தேன். இது இப்படிக் கழன்றால்? சுலபத்தில் கழலாது, அது உண்மை. ஆனால் குச்சியோ ஸ்க்ரூடிரைவரோ போட்டு நெம்பி ஏற்றவே கூடாது. கார்பன் நாரை எவ்வளவு இழுத்தாலும் தாங்கும்; ஒரே ஒரு தடவை கூர்மையாக மடித்தால் உள்ளே ஒடியும். ஒடிந்தது வெளியே தெரியாது. நாலு நாள் கழித்து ஒரு மேட்டில் தெரியும்.

செயின் எப்படிக் கழன்றாலும் வழியில் போகிற யாரோ ஒருவன் கையால் சரியாகிவிடும். இருட்டில் அந்த யாரோ ஒருவன் எவ்வளவு பெரிய விஷயம் என்று அவனுக்குத் தெரியும், எனக்கும் தெரியும்.

புரட்டாசி 25, ஆயுத பூஜை

பிளாண்ட்டில் காலையிலேயே லைன் நிறுத்தினோம். ஒவ்வொரு மெஷினாகத் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, வாழைக்கன்று கட்டினோம். எங்கள் டிபார்ட்மென்ட்டில் ஸ்பேனர் செட்டைக்கூட வரிசையாக வெள்ளைத் துணியில் அடுக்கி வைப்போம். வருஷத்துக்கு ஒருநாள் எந்த பிரேக்டவுனும் இல்லாமல் ஒரு மெஷின் பக்கத்தில் சும்மா நிற்பது எனக்குப் பிடிக்கும்.

சாயங்காலம் வீட்டில் இரண்டு சைக்கிள்கள். பழையதைக் கவிழ்த்து, செயினைக் கழற்றி, டீசலில் ஊறவைத்து, பிரஷ் போட்டு, காயவைத்து, எண்ணெய் விட்டு மாட்டுவதற்குள் ஒரு மணி நேரம். பெல்ட் வண்டிக்கு ஒரு மக் தண்ணீர் ஊற்றித் துணியால் துடைத்தேன். முடிந்துவிட்டது. கை சும்மா நின்றது. இதற்கு நான் ஒன்றும் செய்யவில்லையே என்று ஒரு குற்ற உணர்ச்சி. அப்பா பெட்டியைத் திறந்து எண்ணெய் விட்ட கையோடு என் தலையில் தட்டுவார், அந்த வாசனை மூக்கில் வந்து போனது.

எண்ணெய் விடுவது அன்பு என்று நான் பழகியிருக்கிறேன். ஆனால் ஞாயிறுதோறும் நாற்பது நிமிஷம் என்று கணக்குப் போட்டால் வருஷத்துக்கு முப்பத்தைந்து மணி நேரம். சி ஷிஃப்ட் வாரத்தில் ஞாயிறு என்பது தூக்கம். அந்த முப்பத்தைந்து மணி நேரத்தைத் தூங்கவோ, திண்ணையில் உட்கார்ந்து அம்மாவோடு பேசவோ கொடுக்கிற ஒரு பொருள், அதுவும் ஒரு கருணைதான். முன் பல்சக்கரத்தில் சந்தனம் வைத்தேன். பெல்ட்டில் வைக்கவில்லை.

ஐப்பசி 2

ஸ்ரீபெரும்புதூர் பாய் கடை. எனக்கு நினைவு தெரிந்ததிலிருந்து இருக்கிறது. பெட்டி போட்ட வண்டி பற்றித்தான் முதலில் கேட்டேன்.

"முழு கேஸா? அதெல்லாம் யாரு தம்பி இப்போ கேக்கறாங்க. சொன்னா வரவழைக்கலாம். தகடு பழைய கனம் இல்ல. ஒரு தடவ இடிச்சா உள்ள போய்ச் செயின்ல உரசிக்கினே கிடக்கும்."

பிறகு பெல்ட்டைப் பார்த்தார். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, குனிந்து, ஃபோர்க்கில் இருந்த வெட்டைத் தடவினார். எனக்கு அரை மணி எடுத்த விஷயம், அவருக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை. "இத்தத் தொறந்துதான் உள்ள வுடணும், இல்ல?" என்றார்.

"ஆமாம் பாய்."

"பஞ்சர் பிரச்சின இல்ல. நான் வீல கழட்டாமலேதான் ட்யூப எடுப்பேன். டயர் மாத்தறதுன்னாதான் கழட்டணும். மறுபடி மாட்டறப்போ நேர்கோடு வரணும், அவ்ளோதானே." பெல்ட்டை நகத்தால் தட்டினார். "இது அத்துப்போனா?"

"வெளிநாட்டிலேர்ந்து வரணும் பாய்."

அவர் நிமிர்ந்துகொண்டார். "தம்பி, செயின் அத்தா ஒரு கண்ணிய எடுத்துட்டு அடிச்சு அனுப்பிடுவேன். பத்து நிமிஷம். ஷிஃப்டுக்குப் போறவனுக்கு அந்தப் பத்து நிமிஷம்தான் கணக்கு. இது நல்ல ஐட்டம், நான் இல்லன்னு சொல்லல. அத்துப்போற அன்னிக்கு நீ என் கடைல வந்து நின்னா நான் உன் மூஞ்சியப் பாத்துக்கினு நிக்கணும். அதான் எனக்குக் கஷ்டம்."

ஐப்பசி 8

பாய் சொன்னது மனசை விட்டுப் போகவில்லை.

மெயின்டனன்ஸில் எங்களுக்கு ஒரு கணக்கு உண்டு. ஒரு மெஷின் எத்தனை தடவை நிற்கிறது என்பது ஒன்று. நின்றால் எத்தனை நேரம் நிற்கிறது என்பது இன்னொன்று. மாதம் ஒருதடவை நின்று பத்து நிமிஷத்தில் கிளம்புகிற மெஷினும், ஐந்து வருஷத்துக்கு ஒருதடவை நின்று ஒரு மாதம் கிடக்கிற மெஷினும். பேப்பரில் இரண்டாவதுதான் நல்ல மெஷின். அதன் முன்னால் நின்று மேனேஜருக்குப் பதில் சொல்கிறவனைக் கேட்க வேண்டும்.

பராமரிப்பே வேண்டாத ஒரு பொருளுக்குப் பின்னால், அதைச் செய்தவன் என்றைக்கும் இருப்பான் என்ற நம்பிக்கை இருக்கிறது. இந்த ஊரில் இருந்துகொண்டு அதை அவ்வளவு சுலபமாக நம்ப முடியவில்லை. நோக்கியா இங்கே 2006-ல் ஆரம்பித்து 2014 நவம்பரில் மூடியது. எங்கள் தெருவிலிருந்து மட்டும் நாலு பெண்கள் அங்கே போய்க்கொண்டிருந்தார்கள். சிங்கப்பெருமாள் கோயில் தாண்டி மறைமலை நகரில் ஃபோர்டு, 2021 செப்டம்பரில் அறிவித்து, 2022-ல் கடைசி வண்டியை வெளியே அனுப்பியது. எவ்வளவு பெரிய கட்டிடமாக இருந்தாலும் பூட்டு போட ஒரு கேட்தான்.

அதனால் பெல்ட் வேண்டாம் என்று ஆகிவிடாது. ஸ்டோரில் நாங்கள் செய்வதையே செய்ய வேண்டும். எது போனால் லைன் நிற்குமோ, எது கிடைக்க மாதக்கணக்கு ஆகுமோ, அதில் ஒன்று எப்போதும் ரேக்கில் இருக்க வேண்டும். வண்டியின் விலை இருபதாயிரம் என்று எண்ணியது தப்பு. வண்டியும் ஒரு ஸ்பேர் பெல்ட்டும் சேர்ந்ததுதான் விலை.

ஐப்பசி 19

மூன்று நாளாக விடாத மழை. ஏரி நிரம்பிக்கொண்டு வருகிறது. ஒரகடம் பக்கம் ஓரிடத்தில் முழங்காலுக்குக் கீழே தண்ணீர், பெடல் ஒவ்வொரு சுற்றுக்கும் முங்கி எழுந்தது. 2015 டிசம்பரில் இதே ரோட்டில் இடுப்பளவில் சைக்கிளைத் தலைமேல் தூக்கிக்கொண்டு நடந்தேன். அடுத்த வாரம் அந்தச் செயின் செங்கல் நிறத்தில் விறைத்துப்போய்க் கிடந்தது. கழற்றிப் போட்டுவிட்டேன்.

இன்று வீட்டுக்கு வந்து இரண்டு மக் நல்ல தண்ணீர் ஊற்றினேன். சேறு வழிந்து போனது. பெல்ட் கறுப்பாக, நான் முதல் நாள் பார்த்த மாதிரியே. விரலை ஓடவிட்டேன். ஈரம், அவ்வளவுதான். நறநறப்பு இல்லை. கையை முகர்ந்தேன், மழைத் தண்ணீர் வாசனை.

வாங்கிவிடுவது என்று அப்போதுதான் முடிவு செய்தேன்.

கார்த்திகை 1

ஜப்பான்காரரிடம் பணம் கொடுத்தேன். அவர் கைக்குட்டையால் ஹேண்டில்பாரைத் துடைத்துக் கொடுத்தார். பெல்ட் முறுக்கம் பார்ப்பது எப்படி என்று காட்டினார். மேல் இழையின் நடுவில் விரலால் மீட்டிவிட்டு, செல்போனைப் பக்கத்தில் பிடிக்க வேண்டும். போன் அந்த ஒலியைக் கேட்டு ஒரு எண் சொல்கிறது. ஐம்பது ஹெர்ட்ஸுக்கு அக்கம்பக்கம் வந்தது. போதும் என்றார். தளர்ந்தால் பல் தாவும், அதிகம் இறுக்கினால் ஹப்பின் பேரிங் போகும். ஸ்பேர் ஒன்றுக்கு அவரே ஊரில் சொல்லி, அடுத்து வருகிற ஆள் கையில் அனுப்புவதாகச் சொன்னார்.

கார்த்திகை 22

ஸ்பேர் பெல்ட் வந்தது. தட்டையான அட்டைப் பெட்டி, மடிக்கக் கூடாது என்று படம் போட்டிருக்கிறது. நேராகப் பாய் கடைக்குப் போனேன்.

அவர் ஒரு ரிம்மில் கோணல் எடுத்துக்கொண்டிருந்தார். ஸ்போக்ஸை ஒவ்வொன்றாக விரலால் சுண்டி, காது கொடுத்து, சாவியைக் கால் திருகு திருப்பி, மறுபடி சுண்டினார். எத்தனையோ வருஷம் பார்த்த காட்சி. இன்றைக்கு அதைப் பார்த்துவிட்டு என் போனைச் சட்டைப் பையிலேயே விட்டுவிட்டேன்.

"பாய், இத ஒருதடவ சுண்டிப் பாருங்க."

பெல்ட்டைச் சுண்டினார். காதைச் சாய்த்தார். பெடலைக் கால் சுற்று நகர்த்தி மறுபடி சுண்டினார். இப்படி நாலு இடத்தில். "ஒரு எடத்துல கொஞ்சம் எறக்கமா கேக்குது. முன்பல்லு மயிரளவு வட்டம் இல்ல போல. ஓடட்டும், ஒண்ணும் பண்ணாது." அப்புறம், "இதான் சரியான சத்தமா?" என்று கேட்டார்.

"இதான் பாய்."

மறுபடி சுண்டினார். கண்ணை மூடிக்கொண்டு இன்னும் ஒருதடவை. பிறகு அட்டைப் பெட்டியைத் திறந்து, ஸ்பேரை இரண்டு கையாலும் அகலமாக எடுத்தார். மடிக்கக் கூடாது என்று நான் சொல்ல வாயெடுத்தேன். அவர் அதற்குள் ட்யூபுகள் தொங்குகிற சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெறும் ஆணியில் மாட்டினால் அந்த இடத்தில் கூர்மையாக வளையும். பெஞ்சுக்கு அடியில் கிடந்த காலிப் பால்மாவு டப்பா ஒன்றை எடுத்துத் துடைத்து, அடிப்பக்கத்தை வைத்துச் சுவரில் இரண்டு ஆணி அடித்தார். அந்த வட்டத்தின் மேல் பெல்ட்டைப் போட்டார். ட்யூபுகளுக்கு நடுவில் அது பெரிய நீள்வட்டமாகத் தொங்கியது.

"இங்கியே இருக்கட்டும்," என்றார். "வீட்ல வெச்சா யாராச்சும் சுருட்டி வெச்சிடுவாங்க."